யாருடைய மீன், யாரோடு ஒப்பந்தம்?

2011 டிசம்பர் 14 அன்று ஸ்ட்ராஸ்பூர்கில் ஐரோப்பிய நாடாளுமன்றம், மொராக்கோவோடு இருந்த ஒரு மீன்பிடி ஒப்பந்தத்தை நீட்டிக்க மறுத்தது. ஆதரவாக 296 வாக்குகள், எதிராக 326. செய்தி தலைநகர் ரபாத்துக்குப் போய்ச் சேர்ந்ததுமே மொராக்கோ அரசு உத்தரவு போட்டது: ஐரோப்பியப் படகுகள் எல்லாம் அன்று நள்ளிரவுக்குள் தன் கடலை விட்டு வெளியேற வேண்டும். கடலில் இருந்தவர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்பினார்கள். ஸ்பெயினின் தெற்குக் கோடியில் பார்பாத்தே என்றொரு சின்னத் துறைமுகம் இருக்கிறது. ஜிப்ரால்டர் நீரிணையைத் தாண்டி மொராக்கோ பக்கம் போய் நெத்திலி பிடித்துப் பிழைக்கும் ஊர். ஒப்பந்தம் நிற்கும்போதெல்லாம் முதலில் அடி வாங்குவது அந்த ஊர்தான். அன்றும் அப்படித்தான்.

நாடாளுமன்றம் மறுத்ததற்கு மூன்று காரணங்கள் இருந்தன. ஒன்று, காசு. ஐரோப்பிய ஒன்றியம் ஆண்டுக்கு 3 கோடியே 61 லட்சம் யூரோ கொடுத்துக்கொண்டிருந்தது. போட்ட ஒவ்வொரு யூரோவுக்கும் 65 சென்ட்தான் பலன் என்று ஒன்றியம் தானே எழுதி வாங்கிய மதிப்பீட்டு அறிக்கை சொன்னது. இரண்டு, கடல். ஆய்வு செய்த 11 மீன்வளங்களில் ஐந்து ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டவை. மூன்றாவது காரணத்தைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். அந்த மீன் மொராக்கோவுடையதே அல்ல என்பது அது.

உலக வரைபடத்தில் மொராக்கோவுக்குத் தெற்கே பாருங்கள். பல வரைபடங்களில் அங்கே எல்லைக்கோடு புள்ளி புள்ளியாகப் போகும். அதற்குக் கீழே மேற்கு சகாரா. 1884 முதல் ஸ்பெயினின் காலனி. 1975இல் ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோ மரணப் படுக்கையில் கிடந்தபோது, அந்த நிலத்தின்மீது மொராக்கோவுக்கோ மொரித்தானியாவுக்கோ இறையாண்மை இருந்ததாகத் தெரியவில்லை, அங்குள்ள மக்களின் சுயநிர்ணய உரிமைதான் முடிவு செய்ய வேண்டும் என்று சர்வதேச நீதிமன்றம் அக்டோபர் 16 அன்று கருத்துச் சொன்னது. மூன்று வாரம் கழித்து, நவம்பர் 6 அன்று, மொராக்கோ மன்னர் இரண்டாம் ஹசன் மூன்றரை லட்சம் பேரைக் கையில் குர்ஆனும் கொடியுமாக எல்லையைத் தாண்டி நடக்க வைத்தார். நவம்பர் 14 அன்று மாட்ரிட்டில் ஸ்பெயின் அந்த நிலத்தின் நிர்வாகத்தை மொராக்கோவுக்கும் மொரித்தானியாவுக்கும் ஒப்படைத்துக் கையெழுத்திட்டது. அந்த நிலத்தின் சொந்த மக்களான சஹ்ராவிகளில் ஒருவர்கூட அந்த மேசையில் இல்லை. இன்றுவரை நடக்கும் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் அந்த மேசைதான் என்பது என் எண்ணம்.

அப்புறம் போர். மொரித்தானியா 1979இல் விலகிக்கொண்டது. சஹ்ராவிகளின் விடுதலை இயக்கமான பொலிசாரியோ முன்னணியும் மொராக்கோவும் 1991 வரை சண்டையிட்டன. மொராக்கோ பாலைவனத்தின் குறுக்கே சுமார் 2,700 கிலோமீட்டருக்கு மணல் அரண் எழுப்பிக் கண்ணிவெடி புதைத்தது. கடற்கரை, பாஸ்பேட் சுரங்கம், ஊர்கள் எல்லாம் அரணின் மேற்கே, மொராக்கோவின் கையில். தப்பி ஓடியவர்கள் அல்ஜீரியாவில் திந்தூஃப் அருகே முகாம்களில். 1991இல் போர் நிறுத்தம் வந்தபோது, பொதுவாக்கெடுப்பு நடத்துவதற்கென்றே ஐநா ஒரு குழுவை அனுப்பியது. குழு இன்னும் அங்கே இருக்கிறது. வாக்கெடுப்பு நடக்கவில்லை.

திந்தூஃப் முகாம்களின் பெயர்கள் இவை: எல் அயூன், ஸ்மாரா, தாக்லா, ஔசர்த், பூஜ்தூர். எல்லாமே விட்டுவிட்டு வந்த ஊர்களின் பெயர்கள். தாக்லா என்பது அட்லாண்டிக் கடலுக்குள் நாக்கு நீட்டியதுபோல் நீண்டிருக்கும் ஒரு துறைமுக ஊர். பேய்க்கணவாய்க்கும் மத்திக்கும் பேர் போனது. தாக்லா முகாமோ கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே, கல்லும் புழுதியுமான சமவெளியில் இருக்கிறது. கோடையில் வெயில் 45 டிகிரியைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். 2015 அக்டோபரில் திடீர் மழை கொட்டி மண் வீடுகளைக் கரைத்துவிட்டுப் போனது. ஒன்றே முக்கால் லட்சம் பேர் உதவிப் பொருட்களை நம்பி வாழ்கிறார்கள். அந்த உதவி தரும் முக்கியமானவர்களில் ஐரோப்பிய ஒன்றியமும் ஒன்று, 1993 முதலே. அவர்களுடைய கடலில் மீன் பிடிக்க ரபாத்துக்குப் பணம் போகிறது. அவர்களுக்குச் சாப்பாடு போட முகாமுக்குப் பணம் போகிறது. இரண்டும் ஒன்றியத்தின் தலைமையகம் உள்ள பிரஸ்ஸல்ஸ் என்ற ஒரே ஊரிலிருந்து. இதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

சரி, பிரஸ்ஸல்ஸ் ஏன் இப்படி நடந்துகொள்கிறது? மொராக்கோ அவர்களுக்கு எவ்வளவு தேவைப்படுகிறது என்று பார்த்தால் ஓரளவு புரியும். ஸ்பெயினுக்கும் மொராக்கோவுக்கும் நடுவே கடல் 14 கிலோமீட்டர்தான். 1987இல் இரண்டாம் ஹசன் இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகத்தில் சேரவே விண்ணப்பித்தார். ஐரோப்பிய நாடு இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். உள்ளே சேர்க்க முடியாதவரை வாசலிலேயே உட்கார வைத்து உபசரிப்பதுதான் அதன்பிறகு வந்த கொள்கை. 1996இல் கூட்டுறவு ஒப்பந்தம் கையெழுத்தாகி 2000இல் நடைமுறைக்கு வந்தது. 2008இல் மொராக்கோவுக்கு ‘மேம்பட்ட தகுதி’ கொடுத்தார்கள். தெற்கு அண்டை நாடுகளில் அதைப் பெற்ற முதல் நாடு அதுதான். இன்று இருதரப்பு வணிகம் ஆண்டுக்கு 6,000 கோடி யூரோவைத் தாண்டிவிட்டது. தாஞ்சியர் அருகே ரெனோ கார் ஆலை ஓடுகிறது. ஐரோப்பியர்கள் குளிர்காலத்தில் சாப்பிடும் தக்காளியில் பெரும் பங்கு அகாதீரைச் சுற்றியுள்ள பசுமைக் குடில்களிலிருந்து வருகிறது. பயங்கரவாதம் பற்றிய உளவுத் தகவல், கடல் வழியாக வருபவர்களைத் தடுக்கும் காவல், இரண்டும் மொராக்கோவின் கையில். இப்படிப்பட்ட அண்டை வீட்டாரோடு யாரும் சண்டை போட விரும்பமாட்டார்கள். அது எனக்கும் தெரியும்.

ஆகவே ஒரு வசதியான மௌனத்தைக் கண்டுபிடித்தார்கள். வணிக ஒப்பந்தத்தில் ‘மொராக்கோவின் நிலப்பரப்பு’ என்று இருக்கும். அது எங்கே முடிகிறது என்று இருக்காது. மீன்பிடி ஒப்பந்தத்தில் மொராக்கோவின் ‘இறையாண்மைக்கோ அதிகார வரம்புக்கோ உட்பட்ட கடல்’ என்று இருக்கும். அந்த ‘அதிகார வரம்பு’ என்ற வார்த்தை வழியாக மேற்கு சகாராவின் கடல் முழுதும் உள்ளே வந்துவிடும். ஐநாவின் சட்ட ஆலோசகராக இருந்த ஹான்ஸ் கொரெல் 2002 ஜனவரியிலேயே பாதுகாப்பு அவைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்: மேற்கு சகாரா மக்களின் நலனையும் விருப்பத்தையும் பொருட்படுத்தாமல் அங்கே வளங்களை எடுத்தால் அது சர்வதேசச் சட்டத்துக்கு எதிரானது. ‘விருப்பம்’ என்பதையும் அவர் சேர்த்தே எழுதியிருந்தார். ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் ‘நலன்’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டது. அங்கே மீன் பதனிடும் கூடம் வந்திருக்கிறது, துறைமுகம் வந்திருக்கிறது, வேலை வந்திருக்கிறது, ஆகவே மக்களுக்கு நலன்தானே என்று வாதிட்டது. உரிமையாளரைக் கேட்காமல் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துவிட்டு, கூரையைச் செப்பனிட்டேனே என்று சொல்வது போன்ற வாதம் இது.

2012 நவம்பரில் பொலிசாரியோ லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு விடுதலை இயக்கம், ஐரோப்பிய ஒன்றியம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எதிர்த்து, அந்த ஒன்றியத்தின் நீதிமன்றத்திலேயே வழக்குப் போடுகிறது. பெரும்பாலானோர் இதைப் பொருட்படுத்தக்கூட இல்லை. 2015 டிசம்பரில் கீழ்நிலை நீதிமன்றம் பொலிசாரியோ பக்கம் தீர்ப்பளித்தது. மொராக்கோ கொதித்து எழுந்து, சில வாரங்களுக்கு ஒன்றியத்தோடு தொடர்பையே துண்டித்துக்கொண்டது. 2016 டிசம்பர் 21 அன்று மேல்நிலை நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆனால் ரத்து செய்ததற்குச் சொன்ன காரணம் மொராக்கோவுக்கு இன்னும் பாதகம். மேற்கு சகாரா தனியான, வேறான ஒரு நிலப்பரப்பு. ஆகவே மொராக்கோவோடு போட்ட வணிக ஒப்பந்தம் அங்கே செல்லவே செல்லாது. செல்லாத ஒப்பந்தத்தால் பொலிசாரியோவுக்குப் பாதிப்பும் இல்லை, வழக்குப் போட இடமும் இல்லை. வழக்கில் தோற்றும் பொலிசாரியோ ஜெயித்தது. அந்த மக்கள் இந்த ஒப்பந்தத்தில் மூன்றாம் தரப்பு, அவர்களுடைய சம்மதம் இல்லாமல் எதுவும் அவர்களைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் எழுதிவைத்தது. இரண்டு பேர் போடும் ஒப்பந்தம் மூன்றாவது ஆளைக் கட்டாது என்பது எந்த ஊர்ப் பத்திர எழுத்தரும் அறிந்த விஷயம். அதைச் சொல்ல ஒரு கண்டத்தின் உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது. 2018 பிப்ரவரியில் மீன்பிடி ஒப்பந்தத்துக்கும் அதே முடிவு வந்தது.

அடுத்து ஆணையம் செய்ததைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. திந்தூஃபுக்குப் போய் அந்த மக்களின் பிரதிநிதிகளோடு பேசியிருக்கலாம். அதற்குப் பதில் மொராக்கோவோடு உட்கார்ந்து ஒப்பந்தத்தையே திருத்தி, மேற்கு சகாராவின் பொருட்களுக்கும் அதே சுங்கச் சலுகை உண்டு என்று வெளிப்படையாகச் சேர்த்தார்கள். சம்மதத்துக்குப் பதிலாகக் கலந்தாலோசனை நடத்தினார்கள். யாரோடு? மொராக்கோ நியமித்த, மொராக்கோ நிர்வாகத்தின்கீழ் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர் அமைப்புகளோடும், அங்கே தொழில் நடத்துபவர்களோடும். ஆலோசனைப் பட்டியலில் பெயர் இருந்த சஹ்ராவி அமைப்புகள் சில, நாங்கள் அதில் கலந்துகொள்ளவே இல்லை என்று மறுத்தன. நாடாளுமன்றத்தில் இதற்கான அறிக்கையைத் தயாரித்த உறுப்பினர், மொராக்கோவின் முன்னாள் அமைச்சர்கள் தொடர்புடைய ஓர் அறக்கட்டளையின் குழுவில் தான் இருந்ததை அறிவிக்காதது வெளிவந்து, 2018 டிசம்பரில் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். அப்படியும் 2019 ஜனவரியில் ஒப்பந்தம் நிறைவேறியது. பிறகு வந்த மீன்பிடி ஒப்பந்தத்தில் 128 படகுகளுக்கு உரிமம். ஸ்பெயின் படகுகள்தான் அதிகம் என்றாலும், மத்தியும் கானாங்கெளுத்தியும் அள்ளும் பெரிய உறைபதனக் கப்பல்கள் லித்துவேனியா, போலந்து, நெதர்லாந்து போன்ற தொலைதூர நாடுகளுடையவை. பிடித்த மீனின் எடையில் மிகப் பெரும் பகுதி மேற்கு சகாராவின் கடலிலிருந்து வந்தது.

நான் பாரிஸில் இருக்கிறேன். பிப்ரவரி மாதத்தில் இங்கே எந்தப் பேரங்காடிக்குப் போனாலும் செர்ரி தக்காளி டப்பா கிடைக்கும். சின்ன பிளாஸ்டிக் பெட்டி, மேலே மெல்லிய மூடி, கால் கிலோ, அதில் ‘பிறந்த நாடு: மொராக்கோ’ என்று பொடி எழுத்தில் இருக்கும். அதில் ஒரு பகுதி தாக்லாவைச் சுற்றியுள்ள பாலைவனத்தில் விளைந்தது. மழையே அபூர்வமான இடம். நிலத்தடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தேங்கிய நீரை எடுத்துப் பாய்ச்சுகிறார்கள். திரும்ப ஊறாத நீர். அங்கே பறித்த தக்காளி குளிர்சாதன லாரியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வடக்கே அகாதீருக்குப் போய், பெட்டியில் அடைபட்டு, மொராக்கோ தக்காளியாகி வருகிறது. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பார்த்தாலும் எது அகாதீர், எது தாக்லா என்று வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. பிரான்ஸின் சிறு விவசாயிகள் சங்கமான கான்ஃபெடெராசியோன் பெய்சான் 2020இல் இதை எடுத்துக்கொண்டு அரசிடம் போய், பிறகு வழக்கும் போட்டது. இவர்களுக்கு இதில் சொந்த நலனும் உண்டு. மலிவான தக்காளியும் முலாம்பழமும் அவர்கள் விலையை அடிக்கின்றன. ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது.

இதற்கிடையில் மொராக்கோ தன் கையில் என்ன இருக்கிறது என்பதைக் காட்டிவிட்டது. 2021 ஏப்ரலில் பொலிசாரியோ தலைவர் பிராஹிம் காலிக்கு ஸ்பெயின் கோவிட் சிகிச்சைக்கு இடம் கொடுத்தது. மே 17 அன்று ஆப்பிரிக்கக் கரையில் ஸ்பெயினின் கையில் உள்ள செயூத்தா நகரின் எல்லையில் மொராக்கோக் காவலர்கள் கண்டும் காணாமல் இருந்துவிட்டார்கள். இரண்டு நாளில் சுமார் 8,000 பேர் கடல்தடுப்பைச் சுற்றி நீந்தியும் நடந்தும் உள்ளே வந்தார்கள். நிறையப் பேர் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள். உடம்பில் காலி பிளாஸ்டிக் பாட்டில்களைக் கட்டிக்கொண்டு மிதந்து வந்த ஒரு பையன், கரை ஏறியதும் எதிரே சிப்பாய்களைப் பார்த்து அழுத படம் உலகம் முழுக்கப் போனது. ஒரு ராஜதந்திரப் பிணக்கில் அந்தப் பையனை நீரில் இறக்கிய அரசை என்னால் மன்னிக்க முடியாது. சஹ்ராவிகளுக்கு நீதி வேண்டும் என்பவர்கள் சார்பில் மட்டுமல்ல, அந்த மொராக்கோப் பையன் சார்பிலும்தான் சொல்கிறேன். பத்து மாதம் கழித்து, 2022 மார்ச்சில், ஸ்பெயின் பிரதமர் பெத்ரோ சான்சேஸ் மொராக்கோ மன்னருக்குக் கடிதம் எழுதினார். மொராக்கோவின் இறையாண்மைக்குள் தன்னாட்சி என்ற திட்டமே நம்பகமான அடிப்படை என்று அதில் இருந்தது. ஸ்பெயினின் பல பத்தாண்டு நிலைப்பாடு ஒரே கடிதத்தில் மாறியது. அதே ஆண்டு ஜூன் 24 அன்று, செயூத்தாவைப் போலவே ஆப்பிரிக்கக் கரையில் ஸ்பெயினின் கையில் உள்ள மெலியா நகரின் எல்லை வேலியில் குறைந்தது 23 பேர் நசுங்கியும் மூச்சுத் திணறியும் செத்தார்கள். இறந்தவர்கள் பெரும்பாலும் சூடான்காரர்கள்.

இந்த நெருக்குதல்களுக்கு நடுவில்தான் 2024 அக்டோபர் 4 அன்று நீதிமன்றத்தின் பெரும் அமர்வு தீர்ப்புச் சொன்னது. 2019இன் வணிக ஒப்பந்தம், மீன்பிடி ஒப்பந்தம் இரண்டுமே செல்லாது. ஆணையம் கேட்டது இப்போது அந்த நிலத்தில் வசிப்பவர்களை. அவர்களில் பெரும்பாலோர் 1975க்குப் பிறகு வந்து குடியேறியவர்கள். சுயநிர்ணய உரிமைக்குச் சொந்தக்காரர்களான மக்களில் பெரும் பகுதியோ நாட்டுக்கு வெளியே இருக்கிறார்கள், அவர்களைக் கேட்கவில்லை. இதைத்தான் பத்து வருடமாகப் பொலிசாரியோ சொல்லிக்கொண்டிருந்தது. அதே நாளில் தக்காளி வழக்கிலும் தீர்ப்பு: ஒரு நாடு தனியாக இறக்குமதியைத் தடை செய்ய முடியாது, ஆனால் அங்கே விளைந்த தக்காளியிலும் முலாம்பழத்திலும் பிறப்பிடம் மேற்கு சகாரா என்றுதான் இருக்க வேண்டும்.

ஒரு கதவையும் நீதிமன்றம் திறந்து வைத்தது. மக்களின் வெளிப்படையான சம்மதம் இல்லாவிட்டாலும், ஒப்பந்தம் அவர்கள்மேல் எந்தக் கடமையையும் சுமத்தாமல், எடுக்கும் வளத்துக்கு ஈடாகத் துல்லியமான, கணிசமான, சரிபார்க்கக்கூடிய பலனை அவர்களுக்கே கொடுத்தால், சம்மதம் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. இந்த இடத்தில் நீதிமன்றத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஐம்பது வருடம் யாரும் கேட்காத மக்களின் சம்மதத்தை ஊகித்துக்கொள்ளலாம் என்று சொல்வது ஆபத்து.

தீர்ப்பு வந்த அன்றே ஆணையத் தலைவர் உர்சுலா ஃபொன் டெர் லெயெனும் வெளியுறவுப் பொறுப்பாளர் ஜோசெப் பொரெலும், மொராக்கோவோடு நெருங்கிய உறவைக் காத்து வளர்ப்போம் என்று கூட்டறிக்கை விட்டார்கள். அந்த மாதக் கடைசியிலேயே பிரான்ஸ் அதிபர் மக்ரோன் ரபாத் நாடாளுமன்றத்தில் நின்று, மேற்கு சகாராவின் நிகழ்காலமும் எதிர்காலமும் மொராக்கோவின் இறையாண்மைக்குள்தான் என்றார். நீதிமன்றம் வணிக ஒப்பந்தத்தைச் சரிசெய்ய 12 மாத அவகாசம் கொடுத்திருந்தது. அது முடியும் தறுவாயில், 2025 அக்டோபர் தொடக்கத்தில், மறுபடியும் மொராக்கோவோடு மட்டும் பேசி ஒரு திருத்தத்தைப் போட்டு உடனே தற்காலிகமாக அமலுக்குக் கொண்டுவந்தார்கள். சுங்கச் சலுகை தொடரும். பெட்டியில் மேற்கு சகாரா என்று இருக்காது. மொராக்கோ அந்த நிலத்துக்கு வைத்திருக்கும் இரண்டு மாகாணப் பெயர்கள் இருக்கும். மாத இறுதியில் ஐநா பாதுகாப்பு அவையும் 2797ஆம் தீர்மானத்தில், மொராக்கோவின் தன்னாட்சித் திட்டத்தைப் பேச்சுவார்த்தைக்கு அடிப்படையாக வைத்தது. ஆதரவு 11, ரஷ்யா, சீனா, பாகிஸ்தான் வாக்களிப்பிலிருந்து விலகின, அல்ஜீரியா வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவில்லை.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எல்லாருக்கும் தெரிகிறது. சஹ்ராவிகளுக்கு இன்று வல்லரசு நண்பர் யாரும் இல்லை. கையில் இருப்பது நீதிமன்றத் தீர்ப்பு. அதனால்தான் அந்தத் தீர்ப்பு இப்படி ஒரு திருத்தக் கடிதத்தில் கரைந்துபோவதை ஐரோப்பாவில் வாழ்பவர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். சட்டத்தின் ஆட்சி வேண்டும் என்று மற்ற நாடுகளுக்குச் சொல்லும் ஒன்றியம், தன் சொந்த நீதிமன்றத்தின் சொல்லைச் சொந்தச் சுங்கச் சாவடியிலேயே கேட்க வேண்டாமா?

மீன்பிடி ஒப்பந்தத்தின் கீழ் மீன் பிடிக்கும் அனுமதி, அந்தத் தீர்ப்புக்கு முன்பே, 2023 ஜூலை 17 அன்று காலாவதியாகி அப்படியே நிற்கிறது. ஸ்பெயினின் படகுக்காரர்கள் புதியது வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பார்பாத்தேக்காரர்களின் கஷ்டம் உண்மையானது, அவர்கள் பிடித்த நெத்திலி மொராக்கோவின் வடக்குக் கடலுடையது, அதில் யாருக்கும் தகராறு இல்லை. வடக்குக் கடலுக்கு மட்டும் ஓர் ஒப்பந்தம் போட்டு அவர்களை நாளைக்கே கடலுக்கு அனுப்பலாம். தெற்கே போக வேண்டுமென்றால் பொலிசாரியோவோடு பேசியாக வேண்டும். 2019இல் முன்னுரையிலும் இணைப்புக் கடிதங்களிலும் ஒளித்துவைத்த விஷயங்களைத் தேடிப் படிக்க நமக்கு நாளானது. அடுத்த வரைவு வெளிவரும் நாளில் நேராக இரண்டு இடங்களுக்குப் போங்கள்: மீன்பிடி எல்லையின் தெற்கு அட்சரேகை எங்கே முடிகிறது என்பது, பணம் யாருடைய கணக்குக்குப் போகிறது என்பது. படித்துவிட்டு உங்கள் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். நானும் எழுதுவேன்.